டப்பாவில் இல்லாத மருந்து

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாருக்குத் தொண்டை கட்டினாலும் முதலில் என் வீட்டுப் பின்வாசலுக்குத்தான் வருவார்கள். டாக்டரிடம் போவதெல்லாம் அதற்கப்புறம்தான். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருக்கிறது. ஆனால் பெருமை இருந்தது உண்மை, மறைப்பானேன்.

என் கணவர் கருணாகரன் சுரங்கத்தில் பர்மனென்ட். வீட்டில் எல்லோருக்கும் கம்பெனி ஆஸ்பத்திரி மெடிக்கல் புக் உண்டு, மருந்துக்குக் காசு கிடையாது. டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதி, "நடுவுல நிறுத்திடாதீங்க, முழுசா முடிங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார். நாங்கள் கேட்டால்தானே? இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரை என் நீல நிற பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். மிஞ்சின சோற்றையே தூக்கிப் போட மனசு வராதவள் நான், மாத்திரையை விடுவேனா? சளிக்குத் தனி, வயிற்றுப்போக்குக்குத் தனி, நீர்க்கடுப்புக்குத் தனி என்று ரப்பர் பேண்டு போட்டுப் பிரித்து வைத்திருப்பேன். "தமயந்தி டிஸ்பென்சரி திறந்தாச்சா?" என்று கருணாகரன் கிண்டல் செய்வார். எனக்கு அது பட்டம் மாதிரி.

அந்த டப்பாவிலிருந்து அதிகம் வாங்கிச் சாப்பிட்டவள் அம்சவல்லி. எங்கள் வீட்டிலும் பக்கத்து மூன்று குவார்ட்டர்ஸிலும் பாத்திரம் தேய்த்து, வீடு துடைப்பவள். அவள் புருஷன் பெயர் பாவாடை, லாரிக்கு லோடு ஏற்றுகிறான். போன வருஷம் முழுக்க அவளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு.

"யம்மா, ஒண்ணுக்குப் போனா எரிஞ்சிகினே இருக்குதுங்க. நிக்க முடியல" என்று வந்து நிற்பாள்.

நான் டப்பாவைத் திறப்பேன். இரண்டு மாத்திரை, இருந்தால் மூன்று. ஒருமுறை வெள்ளை, அது தீர்ந்திருந்தால் மறுமுறை மஞ்சள். "போட்டுக்கிட்டு, அப்படியே அந்தப் பாத்திரத்தைத் தேய்ச்சிடு" என்பேன். எரிச்சல் அடங்கிவிடும். மூன்று வாரம் கழித்து மறுபடியும் வரும். மறுபடியும் கொடுப்பேன். தர்மம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

இந்தத் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பின்பக்கக் குழாயடியில் பாத்திரத்தோடு பாத்திரமாக விழுந்து கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. பல் கிட்டிப்போகிற மாதிரி நடுக்கம். விலாவுக்குப் பின்னால் தொட்டால் அலறினாள். ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வார்டில் இருந்தது இசைப்பிரியா என்ற சின்ன வயசு டாக்டர். கண்ணுக்குக் கீழே கருவளையம், குரலில் மட்டும் அவசரம் இல்லை.

"கிட்னி வரைக்கும் கிருமி ஏறியிருக்கு. இதுக்கு முன்ன நீர்க்கடுப்பு வந்துச்சா? ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

அம்சவல்லி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அந்த நடுக்கத்திலும், "இல்லீங்க டாக்டரம்மா. ஒண்ணும் போடலீங்க" என்றாள்.

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். நானும் அதைக் காப்பாற்றவே விட்டேன். டாக்டர் என் பக்கம் திரும்பியபோது, குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்க்கிறவள் போல நின்றுகொண்டேன். சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆகுமாம். அதுவரைக்கும் எல்லோருக்கும் போடுகிற ஊசியைப் போட ஆரம்பித்தார்கள்.

புதன்கிழமை காய்ச்சல் குறையவில்லை. வியாழக்கிழமை காலை போனபோது அவளுக்குப் பேச்சே குழறியது. டாக்டர் பாவாடையைத் தனியாக அழைத்து, "பிரஷர் எறங்குது. ரத்தத்துல கலந்துட்டா காப்பாத்தறது கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவாடை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். பிறகு என்னிடம் வந்து, "நீங்க இட்டாந்து சேத்ததால உசுரு இன்னும் இருக்குதுங்க" என்று கும்பிட்டான்.

அந்தக் கும்பிடை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். டப்பாவை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்து டாக்டர் மேஜைமேல் வைத்தேன்.

"டாக்டர், அவ பொய் சொன்னா. எனக்காகச் சொன்னா. இதுலேருந்துதான் ஒரு வருஷமா குடுத்துக்கிட்டு வந்தேன்."

அவர் ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பெயரைப் படித்தார்.

"ஒவ்வொரு தடவையும் எத்தனை?"

"ரெண்டு, மூணு. எரிச்சல் நிக்கிற வரைக்கும்."

"எத்தனை தடவை?"

விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "மாத்திரைக்குப் பலவீனமான கிருமி செத்துடும்மா. தாங்கறது மிஞ்சும். மிஞ்சினது பெருகும். அடுத்த தடவை வர்றது பூரா அதோட வாரிசுங்க. அதுங்க இந்த மாத்திரைய மதிக்காது. நீங்க செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா அன்னிக்கே வேற ஊசி போட்டிருப்பேன்" என்றார். சொல்லிக்கொண்டே கேஸ் ஷீட்டில் பழைய ஊசியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். முப்பது வருஷமாகத் தயிருக்கு உறை ஊற்றுகிறவள். ஒரு குடம் பாலுக்கு எவ்வளவு சின்னக் கரண்டி உறை போதும் என்று எனக்குத் தெரியாதா? எரிச்சல் நின்றதும் நிறுத்தச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்கு உறை எடுத்து வைத்திருக்கிறேன். அதுவும் இன்னொருத்தி உடம்புக்குள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடப் பாவம். அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

வெள்ளிக்கிழமை கல்ச்சர் முடிவு வந்தது. ஒரு பக்கத் தாளில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. என் டப்பாவில் இருந்த பெயர் எல்லாவற்றுக்கும் நேராக, 'கேட்காது, கேட்காது' என்றே குறி. அடியில் இரண்டுக்கு மட்டும் 'கேட்கும்' என்றிருந்தது. அதில் ஒன்று முந்தின நாள் மாற்றிப் போட்ட ஊசி.

"இந்த ரெண்டும் உங்க டப்பாவுல இல்ல, பாத்தீங்களா? அதனாலதான் இன்னும் வேலை செய்யுது" என்றார் டாக்டர். டப்பாவை அவரே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்சவல்லி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஏண்டி நீ சொல்லல? செத்துப் போயிருப்பியே!"

"உங்களப் போய் காட்டிக் குடுப்பேனாம்மா? நல்லதுக்குத்தான குடுத்தீங்க." இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுக் கேட்டாள். "டப்பா எங்கம்மா?"

"டாக்டர் வாங்கிக்கிட்டாங்க."

அவள் முகம் சுண்டிவிட்டது. "அப்ப இனிமே எனக்கு ஒடம்புக்கு வந்தா?"

"ஆஸ்பத்திரிக்கு வா. இங்க எல்லாம் இலவசந்தானே" என்றேன், நானே ஆஸ்பத்திரியைக் கட்டியவள் மாதிரி.

டம்ளரைக் கீழே வைத்தாள். "எலவசந்தாம்மா. எப்ப வர்றது? லைன்ல நின்னா மத்தியானம் ஆயிடுது. நாலு வூட்டு வேல நிக்குது. மொத மொத எரிஞ்சப்ப, ஆஸ்பத்திரிக்குப் போவ அரை நாள் லீவு குடுங்கன்னுதான் உங்களக் கேட்டேன். நீங்க மாத்திரைய குடுத்து, போட்டுக்கிட்டுப் பாத்திரத்தைத் தேய்ச்சிடுன்னீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. இன்றைக்குப் பஸ் வரவில்லை என்பது போலச் சொன்னாள். நான் அவள் லீவு கேட்டதையே மறந்திருந்தேன். மாத்திரை கொடுத்தது மட்டும் பளிச்சென்று நினைவிருக்கிறது. என் டப்பாவில் எல்லாம் இருந்தது, அவள் கேட்ட அரை நாள் மட்டும்தான் இல்லை.

இரண்டு வாரம் ஓய்வுக்குப் பிறகு வேலைக்கு வர ஆரம்பித்திருக்கிறாள். இன்று திங்கட்கிழமை, மறுபரிசோதனைக்குப் போயிருக்கிறாள். அவளுக்கு இன்று அரை நாள் லீவு என்று மற்ற மூன்று வீட்டிலும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் முகத்தைத் தூக்கினார்கள். தூக்கட்டும். குழாயடியில் நேற்று ராத்திரிப் பாத்திரம் குவிந்து கிடக்கிறது. தேய்க்க உட்கார்ந்திருக்கிறேன்.