வயிற்றுச் சூட்டில் வைத்த பேட்டரி

பனிமலையில் குளிருக்கு முதல் பலி பேட்டரிதான். வீட்டில் நாள் முழுக்க உழைக்கிற பேட்டரி அங்கே நாலு படத்திலேயே கையை விரித்துவிடும். அதை உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். யார் உடம்பு? அவள் உடம்புதான். உள்சட்டையில் வயிற்றோடு ஒட்டினாற்போல் ஒரு பை தைத்துக்கொண்டு, கல்யாணமானதிலிருந்து கணவரின் கேமரா பேட்டரிகளை அடைகாத்து வந்தாள். "இவங்கதான் நம்ம ஹீட்டர்" என்றுதான் அவர் நண்பர்களிடம் அவளை அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துத் தொலைப்பாள்.

அவளிடமும் ஒரு கேமரா உண்டு, அவர் கழித்துப்போட்டது. அதில் அவள் எடுத்த படம் ஒன்று ஏதோ கண்காட்சியின் மூலையில் தொங்கியது. காலண்டர் அச்சிடும் அம்மாள் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு நேரே அவளிடம் வந்தாள்.

"ஜனவரி தாளுக்கு அந்த ரெட்டைச் சிகரம் வேணும்மா, முதல் வெளிச்சம் விழறப்ப. நீங்க எடுத்ததுதான் வேணும். சாரோடது வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைகளை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

"போலாமே! இந்தத் தடவை நான்தான் உனக்கு அசிஸ்டன்ட்" என்றார் கணவர். பெரிய மனசு.

மலை முகம் கொடுக்கவே இல்லை. காலையில் வெயில் அடிக்கிற மாதிரி போக்குக் காட்டும்; மதியம் ஆலங்கட்டி; சாயங்காலம் மூக்குக்கு முன்னால் கையை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். தங்கியிருந்த விடுதியில் மரம் விழுந்து கரண்ட்டும் போய்விட்டது. அவள் சும்மா இருக்கவில்லை. பாறைகளில் ஏறி இறங்கி, இரண்டு சிகரமும் ஒரே சட்டத்துக்குள் உட்காரும் இடுக்கு ஒன்றைக் கண்டுபிடித்து, கல்லை அடுக்கி அடையாளம் வைத்தாள். அசிஸ்டன்டுக்குப் பொழுது போகவில்லை. மூட்டத்தை எடுத்தார், அடுப்பை எடுத்தார், ஜன்னலில் வழிந்த தண்ணீரை எடுத்தார். பேட்டரிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, அவர் கேமராவில் ஒன்றும் அவள் வயிற்றில் ஒன்றும்தான் மிஞ்சின.

"இந்த ஒண்ணு என்னோடதுங்க. இதை மட்டும் கேக்காதீங்க" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"என் தலைமேல சத்தியமா கேக்க மாட்டேன்" என்றார்.

கிளம்ப வேண்டிய நாளன்று, விடிவதற்கு முன்பே இடுக்குக்குப் போய்விட்டார்கள். காற்று ஆளைத் தூக்கியது. ட்ரைபாட் நிற்பதற்காக அதன் நடுவில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டாள். லென்ஸில் பனி விழ விழத் துடைத்தாள். பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மேகம் கிழிந்தது. இடதுபக்கச் சிகரத்தின் நுனியில் வெளிச்சம் பற்றி, மெல்லக் கீழே இறங்கியது. வெதுவெதுப்பான பேட்டரியைக் கேமராவில் போட்டு, குனிந்து சட்டத்தைப் பார்த்தாள்.

"ஐயோ, என்னோடது செத்துப்போச்சு! அதைக் கொடு, கொடு, ரெண்டே நிமிஷம்!"

அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கண் மலைமேல் இருந்தது. கை மட்டும் அவள் பக்கம் நீண்டது, எப்போதும் நீளுவதுபோல்.

கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அதற்குள் அவள் கையே கேமராவின் மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டது. அவரை மன்னித்தாலும் மன்னிப்பாள், அந்தக் கையை அவள் மன்னிக்கப்போவதில்லை.

"தள்ளிக்கோ கொஞ்சம்" என்று அவள் கேமராவைக் கழற்றிவிட்டு, அந்த ட்ரைபாடிலேயே தன்னுடையதை மாட்டி எடுத்துத் தள்ளினார். மேகம் மூடிக்கொண்டது. சொன்ன சொல் தவறாத மனிதர், உடனே பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தார். சூடு இன்னும் ஆறவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும், "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. உன் பேர்லயே அனுப்பிடலாம். நமக்குள்ள என்ன உன்னோடது, என்னோடது?" என்றார்.

"நான் எடுக்காத படத்துக்கு என் பேரு வேணாங்க."

"பைத்தியம்!"

இறங்கும் வழியில் அவள் பஸ்ஸில் கண்ணயர்ந்த நேரம், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிட்டார். காலண்டர் அம்மாளிடமிருந்து நன்றி வந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட ஃபோனை எடுத்தாள். என்னவென்று சொல்வது? நீங்கள் வேண்டாமென்ற சாருடைய படம்தான் அது என்றா? எண்ணைப் போட்டுவிட்டுத் துண்டித்தாள்.

ஜனவரி பிறந்தது. கூடத்தில் காலண்டர் தொங்கியது, கீழே அவள் பெயரோடு. வந்தவர்களிடமெல்லாம் அவர், "அவ எடுத்ததுதான்!" என்று சொல்லி லேசாகக் கண்ணடிப்பார். அவர்களுக்குப் புரிந்துவிடும். "பொண்டாட்டிக்காக எவ்வளவு விட்டுக்கொடுக்கறார் பாரு" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் காலண்டர் அம்மாளே கூப்பிட்டாள். "எல்லாரும் ஜனவரித் தாளைத்தான் பேசறாங்கம்மா. அந்த வெளிச்சத்தை எப்படிப் பிடிச்சீங்க?"

கணவர் சோபாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பிடிக்கலைங்க. பேட்டரியைச் சூடா வெச்சிருந்தேன், அவ்வளவுதான்."

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ்வளவு தன்னடக்கம் ஆகாதும்மா! அடுத்த வருஷமும் இதே மாதிரி ஒண்ணு கொடுங்க. ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அன்னைக்குக் கண்காட்சியில பார்த்தேனே உங்க படம், அதெல்லாம் இதுக்குப் பக்கத்துலயே நிக்காது."

ஃபோனை வைத்தாள்.

"என்னவாம்?" என்றார் அவர்.

"படம் ரொம்ப நல்லா இருக்காம்."

"நான்தான் சொன்னேனே" என்று அவர் மறுபடி சாய்ந்துகொண்டார்.