கரடியின் இடது காது

என் மேசைக்கு எதிர்ச் சுவரில் நான் குளியல் தொட்டிக்குள் படுத்திருக்கிறேன். கண் இரண்டிலும் வெள்ளரி வில்லை, தலையில் துண்டு, தண்ணீரில் ஒரு ரப்பர் வாத்து. கீழே, "மகாராணி ஹலினா ஓய்வில் இருக்கிறார்." எங்கள் வான்கூவர் ஸ்டுடியோவில் கார்ட்டூன் படம் வரைபவர்கள் ஒருவரை ஒருவர் கேலியாக வரைந்து சுவரில் ஒட்டுவது வழக்கம். ஒட்டியதைக் கிழிக்கக் கூடாது. வேண்டுமானால் பதிலுக்கு வரையலாம். நான் வரையவில்லை. வாத்து நன்றாகவே வந்திருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படி என்ன மகாராணித்தனம் செய்துவிட்டேன்? மதியம் கடலோரப் பாதையில் நடப்பேன், மழை பெய்தாலும். பிற்பகலில் ஸ்டுடியோ சமையலறை மேசையில் ஒரு கிண்ணம் வெந்நீரும் ஒரு கிண்ணம் ஐஸ் தண்ணீரும் வைத்து, வலது மணிக்கட்டை மாற்றி மாற்றி முக்குவேன். மாலை ஆறு மணிக்குப் பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அவ்வளவுதான். முந்தைய படத்துக்கு ராப்பகலாக வரைந்து, அது வெளியான வாரம் சூப் குடிக்கக் கரண்டி பிடிக்க முடியாமல் போனவள் நான். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டைக் கீறித் தைத்தார்கள். அந்தப் படத்துக்குக் கைதட்டியவர்களில் ஒருவர்கூட எனக்கு ஊட்டிவிட வரவில்லை.

இப்போதைய படம் ஒரு கிழட்டுக் கரடியின் கதை. இடது காது கிழிந்த கரடி. கடைசிக் காட்சியில் ஆற்றைக் கடந்து போய், ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பல் என்னுடையது. ஒரு மதிய நடையில், பின்தங்கிவிட்ட தன் நாயைக் கூப்பிடாமல் சும்மா திரும்பி நின்ற ஒரு கிழவரிடமிருந்து அதை எடுத்தேன். மேசையைக் கட்டிக்கொண்டு கிடந்திருந்தால் கிடைத்திருக்குமா? சத்தியமாகக் கிடைத்திருக்காது.

வெளியீட்டுத் தேதி நெருங்கியதும், எங்கள் பிரிவுத் தலைவன் கார்வின் எல்லோரும் இரவு தங்கி வரைய வேண்டும் என்றான். பீட்சா வரும், தங்குகிறவர்களுக்கு நெருப்புப் படம் போட்ட பனியன் வரும் என்றான். நான் ஆறு மணிக்கு மேசையைவிட்டு எழுந்தேன். மறுநாளும் எழுந்தேன். அதற்கடுத்த நாள், இடது கையில் காப்பிக் கோப்பையும் கால்சட்டைப் பைக்குள் வலது கையுமாக என் மேசையருகே வந்து நின்றான்.

"எல்லாரும் உயிரைக் குடுத்து உழைக்கிறாங்க ஹலினா. நீ மட்டும் கையை ஊறவச்சுட்டுக் கிளம்பிப் போறே."

"உயிரைக் குடுத்துட்டா, அப்புறம் எதை வச்சு வரையறது?"

தங்கினால் கடைசிக் காட்சி உனக்கு, இல்லாவிட்டால் ஜோசலினுக்கு என்றான். ஜோசலின் பக்கத்து மேசைக்காரி, கெட்டிக்காரி. என் வாத்தை வரைந்தவளும் அவள்தான். பெற்ற பிள்ளையைத் தூக்கி அடுத்த வீட்டில் கொடு என்கிறான். தங்குகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது மணிக்கட்டுத் தழும்பு கண்ணில் பட்டது.

"அவளுக்கே குடு," என்றேன். பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதேன். அழுது முடித்து, பீட்ரூட் சூப் வைத்துக் குடித்துவிட்டுத் தூங்கினேன். காட்சியோடு சேர்த்துத் தூக்கத்தையும் தாரை வார்க்க நான் என்ன இளிச்சவாயா?

ஜோசலின் தங்கினாள். ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில், முடிந்த காட்சியை இயக்குநருக்குப் போட்டுக் காட்டினார்கள். கரடி ஆற்றில் இறங்கியது, கரையேறியது, திரும்பியது. கிழிந்திருந்தது வலது காது.

"இது யார் வீட்டுக் கரடி?" என்றார் இயக்குநர்.

எங்கள் தொழிலுக்கே உரிய தப்பு அது. ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் கோணல் கண்ணுக்குப் பழகிவிடும். அதனால் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகப் புரட்டிப் பார்ப்போம். கோணல் உடனே பல்லிளிக்கும். பார்த்த பிறகு பழையபடி திருப்பிவிட வேண்டும். ஜோசலின், பார்த்து வரைய வைத்திருந்த கரடியின் மாதிரிப் படத்தைப் புரட்டினாள், திருப்ப மறந்தாள், அதைப் பார்த்தே கடைசிவரை வரைந்துவிட்டாள். சரிபார்த்தவர்களும் தூங்காதவர்கள்தான். எனக்கு உள்ளே ஒரு நொடி குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன். ஜோசலின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

கார்வின் வந்தான். காட்சியைத் திரும்ப எடுத்துக்கொள், ஆனால் இரவு தங்கு என்றான்.

"எடுத்துக்கறேன். ஆறு மணிக்கு எழுந்திருப்பேன். ஜோசலினும் என்கூட எழுந்திருப்பா."

"மறுபடியும் அதே பேச்சா?"

"கை அதே கைதானே?"

சாயங்காலம்வரை யோசி, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நான் யோசிக்கவில்லை. வரைந்தேன். அதே தொட்டி, எனக்கு எதிர்ப்பக்கம் ஜோசலின், அவள் கண்ணிலும் வெள்ளரி. தொட்டியோரம் தோளில் துண்டோடும் கையில் பேனாவோடும் கார்வின். சுவரில் ஒட்டியதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஜோசலின் சிரித்தே பல நாள் ஆகியிருந்தது, அவள்கூடச் சிரித்தாள்.

"நீயும் புரட்டிட்டுத் திருப்ப மறந்துட்டியா ஹலினா? வலது கைக்காரன் கார்வின் இடது கைல பேனா பிடிச்சிருக்கான் பாரு," என்றாள். கார்வினும் சேர்ந்து சிரித்தான்.

"நான் புரட்டலை," என்றேன். "ஒரு மாசமா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

சிரிப்பு அடங்கியது. கார்வின் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வலது கை அப்போதும் பைக்குள்தான் இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மேசைக்குப் போனார்கள்.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றேன். "பைக்குள்ள வச்சுட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

சமையலறையில் வெந்நீர் வைத்தேன். கார்வின் பின்னாலேயே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையை வெளியே எடுக்க நேரம் பிடித்தது. கட்டைவிரல் மடங்கியபடியே நின்றது. வெந்நீருக்குள் விட்டதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"கரடி உன்னோடதுதான்," என்றான். "ஆனா படம் தேதிக்கு முடியாது."

"முடியாட்டிப் போகட்டும். இன்னொரு கையை எவன் குடுப்பான்?"

ஆறு மணிக்கு எழுந்தேன். ஜோசலின் என்னைப் பார்த்தாள், சமையலறை வாசல் வழியே கார்வினைப் பார்த்தாள், பேனாவை வைத்தாள். கார்வின் ஈரக் கையோடு எழுந்து போய், முழங்கையால் விளக்குகளை அணைத்தான்.