ஏழாம் அத்தியாயத்து ஓலை

“இந்த ஞாயித்துக்கிழம எங்க ஓலைய வாசிங்க ஐயகாரு” என்றேன்.

கேட்கவே கூடாது என்று நைனா சொல்லி அனுப்பியது இதைத்தான். “அவரு என்னா சொன்னாலும் சரின்னு சொல்லிட்டு வா. ஓலைய மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாத. அவரா சொல்லட்டும்.” சித்தூரில் எங்கள் சபைக் கோயிலில் மணி அடிக்கிறவர் நைனா. அவரா சொல்லட்டும் என்று முப்பது வருஷமாகக் காத்திருந்து பழகியவர். நாங்கள் குடியிருப்பதும் கோயில் காம்பவுண்டுக்குள் ஒற்றை அறையில்தான்.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு போதகர் ஆராதனையில் வாசிப்பார். உள்ளே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் வெளியே செருப்பு மாட்டும்போது சொல்வார்கள். ஓலை வாசிக்காமல் கோயிலில் கல்யாணம் இல்லை. ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்கு ஓலை இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் நாற்பதிலும் கல்யாணம் இல்லை. லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம் இருந்தது.

மாப்பிள்ளை எழிலரசன். நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை. ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் வேலை. ஞானஸ்நானம் வாங்காதவன். வாங்குகிற எண்ணமும் இல்லை. எனக்கும் பொட்டு வைக்கிற எண்ணம் இல்லை. இதைப் பேசி முடிக்க எங்களுக்குப் பத்து நிமிஷம் ஆனது.

“உட்காரும்மா பிரீத்தி” என்றார் எங்கள் போதகர் ஐயகாரு, ரெவரண்ட் அருள்குமார்.

ஐயகாருவை முற்போக்கானவர் என்று எல்லாரும் சொல்வார்கள், அவரும் சொல்வார். பெங்களூரில் இறையியல் படித்து, ஜெர்மனியில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பெண்களை வேதம் வாசிக்க வைத்ததற்கு பிஷப்பிடமிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பக்கத்து வீட்டார் கொடுத்த திருமலை லட்டைச் சபைக் கமிட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தின்றதற்கு இன்னொன்று. இரண்டையும் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறார். லட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை உண்டு. புத்தகங்கள் நாலு, ஐந்தாவது பிரஸ்ஸிலிருந்து வந்து கட்டுக் கட்டாகத் தரையில் கிடந்தது. சனிக்கிழமை திருப்பதியில் வெளியீடு.

நல்ல மனிதர். நான் காலேஜில் சேர அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தது அவர்தான். அந்தப் புத்தகத்தை டைப் செய்து பிழை திருத்தியது நான்.

“நீ இதக் கேக்க மாட்டேன்னு உங்க நைனா சொன்னாரே” என்றார்.

“நைனா சொல்லிக்கினுதான் இருந்தாரு. ஏழாம் அத்தியாயத்த டைப் பண்ணது நான்தானே?”

ஏழாம் அத்தியாயத்தில் இப்படி இருக்கிறது: ‘சென்ற ஆண்டு எங்கள் சபையில் ஓர் இளம்பெண்ணுக்கும், ஞானஸ்நானம் பெறாத ஒரு நெசவாளர் மகனுக்கும் நான் ஓலை வாசித்தேன். மூன்று ஞாயிறும் எவரும் எழுந்து தடை சொல்லவில்லை.’

ஆகஸ்டில் அதை டைப் செய்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. புத்தகம் வருவதற்குள் நடத்தி வைத்துவிடுவார், அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறார் என்று நினைத்தேன். எழிலரசனிடம் தேதி சொல்லிவிட்டேன். அவன் அம்மா செங்கம்மா புடவைக்கு நூல் போட்டுவிட்டாள். எம்.ஏ. படித்தவள் இப்படி நம்பலாமா என்றால், எங்கள் வீட்டில் அச்சடித்த காகிதம் என்று இருந்தது வேதாகமமும் ரேஷன் கார்டும்தான். கார்டில் போட்டபடி அரிசி வந்தது. அச்சில் இருப்பது வந்துசேரும் என்பது எங்கள் பழக்கம்.

“அது எழுத்தும்மா” என்றார் ஐயகாரு. “சத்தியம் வேற, சம்பவம் வேற. சத்தியத்தச் சொல்ல ஒரு உதாரணம் வேணும்.”

“நெசவுக்காரன் மகன் எங்கேர்ந்து வந்தான்?”

“நீ சொன்னதுதான்.”

“அப்போ நாங்க நெஜம். ஓலை மட்டும் உதாரணம்.”

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிரசங்கத்திலும் பதில் கிடைக்காத இடத்தில் துடைப்பார்.

அவர் மனைவி காஞ்சனா அம்மா டீ கொண்டுவந்தார். “ஏழாவதப் படிச்சிட்டு அழுதுட்டேன் பிரீத்தி. எப்போ வாசிச்சாருன்னுதான் நெனப்பு வரல. முன் வரிசையிலயே ஒக்காந்துக்கினு இருக்கறேன், எப்படிக் கேக்காம விட்டேன்?”

அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார்.

“ஒண்ணு செய்யலாம்” என்றார் ஐயகாரு, குரலை இறக்கி. “நாளைக்கு சாயங்காலம் அவனக் கூட்டினு வா. கோயில் கதவச் சாத்திக்கலாம். மூணு கை தண்ணி. ரிஜிஸ்டர்ல ஒரு வரி விழுந்துட்டா கமிட்டி செக்ரட்டரி அண்ணாதுரை வாய மூடிக்குவான். ஞாயித்துக்கிழம நான் தைரியமா வாசிச்சிடுவேன்.”

“நம்பாதவனுக்கு ஞானஸ்நானமா?”

“நம்பிக்கைய அளக்க நாம யாரு?”

இது மூன்றாம் அத்தியாயம். டைப் செய்யும்போது நன்றாக இருந்தது.

“அவன் பொய் சொல்ல மாட்டான் ஐயகாரு. நீங்க அப்படியே வாசிங்க. பிஷப்பு லெட்டர் அனுப்புனா அனுப்பட்டும். செவுத்துல எடம் இருக்குது.”

“பதினாலு மாசத்துல ரிட்டயர்மெண்ட்டும்மா.” அதை அவர் வெட்கப்படாமல் சொன்னார். அதற்காக மட்டும் அவரைக் கொஞ்சம் பிடித்தது. “லட்டுக்கு எச்சரிக்கையோட விட்டாங்க. இதுக்கு விட மாட்டாங்க.”

பிறகு மேஜையிலிருந்து அழைப்பிதழை எடுத்து நீட்டினார். “சனிக்கிழம நீ அஞ்சு நிமிஷம் பேசணும். ஏழாம் அத்தியாயத்துப் பொண்ணே மேடைல நின்னா சனம் அசந்துபோவும். பேரு போட்டாச்சு.”

போட்டிருந்தது. ‘வாழ்த்துரை: திருமதி பிரீத்தி எழிலரசன், எம்.ஏ.’

“திருமதியா?”

“போன வருசமே கல்யாணம் ஆச்சின்னு புத்தகத்துல இருக்கே. செல்வின்னு போட்டா ஒதைக்கும்.”

இந்த அழைப்பிதழை மட்டும் பிழை திருத்த என்னிடம் தரவில்லை. மேஜையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை முழுசாக அடித்தேன். ஓரத்தில், நீக்குவதற்குப் போடும் சுழியைப் போட்டு, புத்தகக் கட்டின் மேல் வைத்தேன்.

“ஐந்நூறு அடிச்சாச்சேம்மா” என்றார்.

“அப்போ ஐந்நூறுலயும் அடிங்க.”

“பிரீத்தி, உங்க நைனாவ நான் கைவிட மாட்டேன். ஆனா கமிட்டி அந்த ரூம...”

“தெரியும் ஐயகாரு. அதையும் யோசிச்சிட்டுத்தான் கேட்டேன்.”

டீ குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மணிக்கூண்டின் கீழே நைனா கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். “கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேன்.”

“அவரு என்னா சொன்னாரு?”

“அவரா ஒண்ணும் சொல்லல நைனா. துணியெல்லாம் எடுத்துக் கட்டி வெச்சிக்கோ. ரூம காலி பண்ணச் சொன்னாலும் சொல்வாங்க.”

அவர் என்னைத் திட்டவில்லை. “எங்க போறே?” என்றார்.

“திருப்பதிக்கு. ரிஜிஸ்தர் ஆபீசுக்கு.”

அங்கேயும் ஓலை உண்டு. சுவரில் ஒட்டி முப்பது நாள் வைப்பார்கள். தடை சொல்கிறவன் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். லெந்து கணக்கு கிடையாது.

கேட்டைத் தாண்டும்போது எழிலரசனுக்குப் போன் போட்டேன். “ஆதாரும் ரெண்டு போட்டோவும் எடுத்துக்கினு திருப்பதி பஸ் ஸ்டாண்டுல நில்லு.”

“ஐயகாரு ஒத்துக்கினாரா?”

“புத்தகத்துல ஒத்துக்கினாரு. நீ கெளம்பு” என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற திருப்பதி பஸ்ஸில் ஏறினேன்.