உயிரோடு இருக்கிறவனுக்கான பதக்கம்

விமானதள ஆஸ்பத்திரியில், தன் புருஷன் சிரிலின் வெந்த கைகளில் சுற்றியிருந்த துணியை உப்புத்தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டிருந்தபோதுதான், அவன் செத்துப்போய்விட்டான் என்று வின்னிக்குத் தெரிந்தது. எப்போது மூச்சு நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் அம்மாவிடம் சொல்வதுபோல ஊர்க்கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிரிம்ஸ்பி துறைமுகத்தில் இந்த வாரம் ஹெரிங் மீன் வரத்தே இல்லை, வலைக் கொட்டகையில் கூட வேலை பார்க்கிறவளின் கணவன் லீவில் வந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டே போனவள், அவன் 'ம்' கொட்டவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தாள். கண் பாதி திறந்திருந்தது. கத்த வாயைத் திறந்தாள். சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. அப்படியே அதை விழுங்கினாள்.

கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. வலை பின்னிக் காய்த்துப்போன விரல்களால் அவன் இமைகளை மெல்ல மூடினாள். கிண்ணத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, பழையபடி துணியை நனைக்க ஆரம்பித்தாள்.

காலையில்தான் விமானி டென்ஹாம் வந்து போயிருந்தான். சிரில் வயர்லெஸ் பார்த்த விமானத்தை ஓட்டுகிறவன். வயது இருபத்திரண்டுதான், அதற்குள் கண்ணுக்குக் கீழே கிழவனுக்கு விழுகிற மாதிரி பை விழுந்திருந்தது. வாசல் பக்கமாக அவளைக் கூட்டிப்போய்ச் சொன்னான்.

"சிரிலுக்குப் பதக்கம் குடுக்கணும்னு எழுதியாச்சு வின்னி. டைப் அடிச்சு ரெடியா இருக்கு. தளத்துப் பெரியவர் கையெழுத்துதான் பாக்கி. ஆனா அவர் சர்ச்சுக்குப் போயிருக்காரு, போன வாரம் விழுந்த பசங்கள அடக்கம் பண்ண."

"வந்ததும் போடட்டுமே, சார். என்ன அவசரம்?"

டென்ஹாம் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "இந்தப் பதக்கம் செத்தவங்களுக்குக் கிடையாது. கையெழுத்து விழும்போது ஆள் உயிரோட இருக்கணும். விழுந்துடுச்சுன்னா அப்புறம் என்ன ஆனாலும்..." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "நான் சைக்கிள எடுத்துட்டு சர்ச்சுக்கே போறேன். கல்லறைலயே பிடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வரேன்."

"உங்களுக்கு?"

"எனக்குச் சிலுவைன்னு எழுதியிருக்காங்க."

"ஒரே விமானம், ஒரே தீ. உங்களுக்குச் சிலுவை, அவருக்குப் பதக்கமா?"

"நான் அதிகாரி. அவன் சார்ஜென்ட்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அத நான் உண்டாக்கல, வின்னி."

அவன் உண்டாக்கவில்லைதான். முதல் உலகப்போர் முடிகிற சமயத்திலேயே யாரோ உட்கார்ந்து வகுத்துவிட்டார்கள். ஆகாயத்தில் காட்டும் துணிச்சல் அதிகாரியிடம் இருந்தால் வெள்ளிச் சிலுவை, அதற்குக் கீழே உள்ளவனிடம் இருந்தால் முட்டை வடிவில் வெள்ளிப் பதக்கம். சிலுவையின் நாடாவில் ஊதாவும் வெள்ளையும் சாய்ந்த பட்டைகளாக இருக்கும். பதக்கத்தின் நாடாவிலும் அதே நிறம், அதே சாய்வு, பட்டைதான் மெலிசு. பந்தியில் பாதி வடை வைத்த கதைதான். நெடுங்காலம் கழித்து, செத்தவர்களுக்கும் கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்புறம் இந்தப் பாகுபாடே தப்பு என்று பதக்கத்தையே நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் சிலுவைதான் என்றும் ஆக்கினார்கள். வின்னியால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அவளுக்கு இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும்.

வெள்ளிக்காக அவள் ஆசைப்படவில்லை. வீட்டில் மாமனார் ஏமஸின் கணப்படுப்புக்கு மேலே சிரிலின் படம் ஒன்று இருக்கிறது. ஒரு மாதத்துக்கும் மேலாக அது சுவரைப் பார்த்துத் திரும்பி இருக்கிறது.

அதற்குக் கொஞ்சம் முன்னால் போன ஒரு குண்டுவீச்சுப் பயணத்தில், உயரத்தின் குளிரில் வயர்லெஸ்ஸும் விமானத்துக்குள் ஆட்கள் பேசிக்கொள்ளும் கருவியும் உறைந்து செத்துவிட்டன. சிரில் சொன்னதை நம்பி டென்ஹாம் குண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டு விமானத்தைத் திருப்பினான். தரையில் இறங்கிச் சோதித்தால், கருவி கணீரென்று வேலை செய்தது. பனி உருகினால் கருவி பேசாமல் என்ன செய்யும்? அன்றைக்குப் போன மற்ற விமானங்களில் மூன்று திரும்பவில்லை. போனவர்கள் போய்விட்டார்கள், திரும்பி வந்தவன்மேல் எல்லோர் கண்ணும் விழுந்தது. பெரியவர் சிரிலைக் கூப்பிட்டு, 'மன உறுதி இல்லாதவன்' என்று எழுதி, நெஞ்சிலிருக்கும் சிறகுச் சின்னத்தைப் பிய்த்து எறிந்து, எங்கேயாவது கக்கூஸ் கழுவ அனுப்பிவிடுவேன் என்று எச்சரித்தார். இன்னொரு முறை போய்வா, பார்க்கலாம் என்றார்.

லீவில் வந்த சிரில் இதை மறைத்திருக்கலாம். அசடு, சாப்பாட்டு மேசையில் அப்பாவிடமே சொல்லிவிட்டான். ஏமஸ் நாற்பது வருஷம் ஐஸ்லாந்துக் கடலில் மீன் பிடித்தவர். கத்தியைக் கீழே வைத்தார்.

"ரேடியோ கெட்டுப்போச்சுன்னு எந்தப் படகுடா திரும்பி வந்திருக்கு? ரேடியோவே இல்லாம போனவங்கடா நாங்க."

"அப்பா, நெஜமாவே கெட்டுப்போச்சுப்பா."

"கெட்டது அது இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் படத்தைத் திருப்பி வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்த பயணத்தில் ஒரு குண்டுச் சிதறல் பட்டு, வெளிச்சத்துக்காக வைத்திருந்த எரிகுழல் விமானத்துக்குள்ளேயே பற்றிக்கொண்டது. சிரில் அதை இரண்டு கைகளாலும் வாரி அணைத்துக்கொண்டு போய் வெளியே தள்ளினான். அதோடு முடியவில்லை. திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, தோல் உரிந்த விரல்களால் தட்டித் தட்டி வழி கேட்டு, ஏழு பேரையும் வீடு கொண்டுவந்து சேர்த்தான். கருவி அன்றைக்கு உறையவில்லை.

இன்று காலை கடைசியாகப் பேசியபோதுகூட அவன் வலியைப் பற்றிச் சொல்லவில்லை. "அப்பா படத்த திருப்பிட்டாரா, வின்னி?" என்றுதான் கேட்டான். "திருப்பிட்டாரு" என்று பொய் சொன்னாள். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. சும்மா சிரித்தான்.

தள்ளுவண்டி உருளும் சத்தம். தேநீர் கொண்டுவரும் ஆர்டர்லி எட்டிப் பார்த்தான். வாயாடி.

"என்ன, தூக்கமா?"

"இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்பாதீங்க."

"மீன் ஊர்க்காரங்க கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவாங்கன்னாங்களே, பொய்யா?" சிரித்துக்கொண்டே ஒரு கோப்பையை மேசையில் வைத்தான். "நீயாவது குடி கண்ணு, பேயறைஞ்ச மாதிரி இருக்கியே."

அவளும் சிரித்தாள். சிரிக்க முடிந்ததை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது. அவன் போனதும் தன்னையே திட்டிக்கொண்டாள். பாவி, புருஷன் கிடக்கிறான், நீ பல்லைக் காட்டுகிறாய். அழக்கூட முடியவில்லை. கண் சிவந்தால் காட்டிக்கொடுத்துவிடும். கைகளில் கட்டு இருந்தது நல்லதாகப் போயிற்று, தொட்டுப் பார்க்கிறவனுக்கு ஈரத்தின் குளிர்ச்சிதான் தெரியும். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஓடுபாதையை விழுங்கியிருந்தது. இந்த மூட்டத்தில் டென்ஹாம் சர்ச்சைக் கண்டுபிடித்தானா, வாய்க்காலில் விழுந்து கிடக்கிறானா? கடவுளே, அந்தப் பையனுக்கு வழியைக் காட்டு. இதற்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன். கேட்கவும் எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அப்போதுதான் சிஸ்டர் மெயிட்லண்ட் வந்தாள். இந்த அம்மாளைக் கண்டால் டாக்டர்களே பித்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் விடமாட்டாள்.

"காய்ச்சல் பாக்கணும், தள்ளிக்க."

"தூங்கறாரு, சிஸ்டர். அப்புறமா..."

"அப்புறம்னா எப்ப? நேரத்துக்குப் பாக்கணும்."

கண்ணாடிக் குழாயை உதறிக்கொண்டே குனிந்தாள். ஒரு கையால் சிரிலின் தாடையைத் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது. வின்னி எழுந்து நின்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர்," என்றாள். "டென்ஹாம் சார் கையெழுத்து வாங்கப் போயிருக்காரு. அவர் வர வரைக்கும். உங்க கால்ல வேணா விழறேன். அவர் வர வரைக்கும் மட்டும்."

சிஸ்டர் அவளைப் பார்க்கவே இல்லை. சிரிலின் உதடுகளை மெல்லப் பிரித்து, குழாயை நாக்குக்கு அடியில் வைத்தாள். மார்பில் தொங்கிய கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தபடி, எப்போதும் நிற்கிற நேரம் முழுக்க நின்றாள். பிறகு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"காய்ச்சல் இன்னும் எறங்கல," என்றாள்.

கட்டில் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்து, காலையில் வைத்த புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்தாள். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். கோடு ஓரிடத்தில் கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

"துணி காஞ்சுபோச்சு பாரு. நனைச்சுக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டு வெளியே போய், வழக்கத்துக்கு மாறாகக் கதவைச் சாத்தினாள்.

வின்னி உட்கார்ந்தாள். துணி காயவில்லை, சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கிண்ணத்தில் கையை விட்டாள். வெளியே பனியில் ஒரு சைக்கிள் சுவரில் மோதி விழுந்தது. யாரோ நடைபாதையில் வருகிற பூட்ஸ் சத்தம். ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை.

"சிரில்," என்றாள், அவன் விரல்கள்மேல் தண்ணீரைப் பிழிந்துகொண்டே, "யாரோ வராங்க பாரு."