நோயே இல்லாத குடும்பம்

ஸஹ்னாவின் குடும்பத்தில் இதுவரை யாரும் நோய் வந்து செத்ததில்லை. கேட்டுப் பாருங்கள், அத்தனை பேரும் தொழுகைக்கு வுளூச் செய்து, கலிமா சொல்லி, சிரித்த முகத்தோடுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டில் கலியாணம் பேச ஒரு பெண்பிள்ளை இருக்கும் மட்டும் அங்கே யாருக்கும் இருமல்கூட வராது. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணிடம் கண்டி டொக்டர் ஒரு படிவத்தைக் கொடுத்து, மூன்று தலைமுறையின் நோய்களை எழுதி வரச் சொன்னால் அவள் எங்கே போவாள்?

ஏழு வருடமாகப் பிள்ளை இல்லை. மருந்து, ஊசி, ஓதிய தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. இனிச் சோதனைக்குழாய் முறைதான்; அதற்கு முன் இருவரும் இரத்தம் கொடுத்து மரபணுச் சோதனை செய்தால் நல்லது, கட்டாயமில்லை என்றார் டொக்டர். நர்ஸ் படிவத்தில் நிஸ்தாரைச் சதுரமாகவும் ஸஹ்னாவை வட்டமாகவும் கீறி, நடுவே இரண்டு கோடு போட்டாள்.

"மத்த ஆக்களுக்கு ஒரு கோடுதானே, எங்களுக்கு என்னத்துக்கு ரெண்டு?" என்றான் நிஸ்தார்.

"நீங்க சொந்தத்துல முடிச்சவங்க. அதான்."

நிஸ்தாரின் வாப்பா பலீலும் ஸஹ்னாவின் உம்மா நோனாவும் கூடப்பிறந்தவர்கள். "நல்ல பலமாத்தான் கட்டீக்கிறாங்க" என்று நிஸ்தார் பஸ்ஸில் மாத்தளை வரும்வரை பெருமைப்பட்டான். மிளகு வியாபாரி அவன். இரட்டைக் கயிறு போட்ட மூட்டைதான் அவனுக்கு நல்ல மூட்டை.

ஸஹ்னாவின் கணக்கு வேறு. இத்தனை நாளும் பிள்ளையில்லாத குறை இருவருக்கும் பொது. சோதனை முடிவென்று கடதாசியில் வந்தால் அது ஒருவர் பெயருக்கு வரும். அவள் பெயருக்கு வந்தால் நிஸ்தாரின் உம்மா, ஸுலைஹா மாமி, அதை பிறேம் போட்டு மாட்டாத குறைதான். பிள்ளை வேண்டும், உயிரைக் கொடுத்தாவது வேண்டும். அந்தக் கடதாசிதான் வேண்டாம். வியாழக்கிழமை சோதனைக்குச் சம்மதக் கையெழுத்தோடு போகவேண்டும். திங்களாகியும் அவள் பேனையைத் தொடவில்லை.

"கையெழுத்துப் பொறகு பாப்பம். நோயையாவது எழுது" என்றான் நிஸ்தார்.

உம்மாவிடம் போனாள்.

"எங்கட பரம்பரையில நோய் எண்டு ஒண்டு இல்ல மகள்."

"அப்ப உங்கட தம்பி றிஷாத் மாமா எப்பிடி மவுத்தானார்?"

"வயசு போய்."

"இருபத்திரெண்டு வயசிலயா?"

"அந்தக் காலத்தில அதெல்லாம் வயசுதான்."

அலுவிகாரையில் புருஷன் வீட்டுக்குத் திரும்பி மாமியிடம் கேட்டாள். மாமியின் பக்கமும் அப்படியே. ஒருவர் மட்டும் பலா மரத்திலிருந்து விழுந்திருந்தார். விழும்வரை அவருக்கும் ஒரு குறையும் இல்லையாம்.

ஸஹ்னாவுக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கேள்வியை மாற்றிப் போட்டாள்.

"மாமி, எங்கட உம்மாட பக்கம் யாருக்கும் நோய் இரிந்திச்சா?"

மாமி அகப்பையைக் கீழே வைத்தாள். "புள்ள, இந்த ஒரு தாள் காணாதே."

சீனி, பிறஷர், இழுப்பு, இரத்தமில்லாமல் மஞ்சளாகவே திரிந்த றிஷாத் என்று மாமி அரை மணித்தியாலம் பாராமல் ஒப்புவித்தாள். அடுத்த நாள் உம்மாவிடம் மாமியின் பக்கத்தைக் கேட்டபோது உம்மா இன்னும் வேகம். கடைசியில், "ஸுலைஹா மதினிட மூத்த ரெண்டும்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அத நான் செல்லல்ல."

புதன்கிழமை பின்னேரம் குசினி மேசையில் நிஸ்தார் படிவத்தை வாசித்தான். "உன்ட உம்மாட பக்கம் எண்டு என்ட உம்மா தள்ளினதெல்லாம் என்ட வாப்பாட பக்கம்தானே. ரெண்டு பக்கமும் எனக்குத்தான் வந்தீக்கி." இரட்டைக் கோட்டின் பெருமை அத்தோடு போயிற்று. அவன் எழுந்து தொழப் போனான்.

மாமி அடுப்படியிலிருந்து திரும்பினாள். "நோனா என்னப் பத்தி என்ன சென்னா?"

ஸஹ்னா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாமி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நிஸ்தார்ட தங்கச்சி அம்றாவுக்குக் கலியாணம் பேசுறம். வெளிய செல்லப்படாது. ஆனா எழுது. நிஸ்தாருக்கு முன்ன ரெண்டு பேர். ஷிஃபான், நதா. பேர எழுத எடம் இரிக்கா?"

"இரிக்கி மாமி."

"ரெண்டும் வெளிறி வெளிறியே போச்சி. ரெண்டு வயசு காணல்ல. முதல்ல கண்ணூறு எண்டாங்க. பொறகு என்ட பால் கூடாது எண்டாங்க. நிஸ்தாருக்கு நான் பாலே குடுக்கல்ல புள்ள, பயத்தில."

"மாமா ஒண்டும் செல்லல்லயா?"

"அவர் பிளேன்டீ கேட்டார்."

எந்தக் கடதாசியும் இல்லாமலே இவள் முப்பத்தெட்டு வருடம் பழியைச் சுமந்திருக்கிறாள்.

"மாமி, அது பால்ல வாறதில்ல. தலசீமியா எண்டு ஒரு இரத்த நோய் இரிக்கி. இது அதுதானா எண்டு எனக்குத் தெரியாது. ஆனா அது எண்டா, தாய் தகப்பன் ரெண்டு பேர்லயும் இரிந்தாத்தான் புள்ளைக்கு அந்த நோய் வருமாம். நர்ஸ் சென்னாங்க. எங்களுக்கும் அதத்தான் பாக்கப் போறாங்க. இரிந்தா, நோயில்லாத கருவாப் பாத்து வைக்க ஏலுமாம்."

"ரெண்டு பேர்லயுமா?"

"ரெண்டு பேர்லயும்."

மாமி முன்னறைப் பக்கம் பார்த்தாள். அங்கே பலீல் மாமா கதிரையில் சாய்ந்திருந்தார். மணிக்கொரு தடவை வெறுந்தேநீர் கேட்டு வரும் அந்தக் குரல் அப்போதும் வந்தது. "ஸுலைஹா, பிளேன்டீ ஒண்டு."

"நீங்களே ஊத்திக் குடிங்க," என்றாள் மாமி.

ஸஹ்னா ஒரு சின்னச் சதுரமும் ஒரு சின்ன வட்டமும் கீறி, பெயர்களை எழுதி மாமிக்குக் காட்டினாள். பிறகு பக்கத்தைப் புரட்டித் தன் கையெழுத்தை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பலீல் மாமா குசினி வாசலில் வந்து நின்று, இந்த வீட்டில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.