சனிக்கிழமைக் கணக்கு ரியூசன்

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிற பெட்டை கணக்குப் படிப்பிக்க வருகிறாள் என்று பக்கத்து வளவுக் கமலாவதியிடம் சொன்னது நான்தான். வேறு என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? என் தம்பியின் மகளுக்கு மனம் சரியில்லை, அவளோடு கதைக்க ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று வேலிக்கு மேலால் கூவச் சொல்கிறீர்களா? உரும்பிராயில் அப்படி ஒரு சொல்லை விட்டால் போதும், பொழுதுபடுமுன் அது கோப்பாய்ச் சந்தியில் நின்று தேத்தண்ணி குடிக்கும்.

எனக்கு அந்த வாய்களைத் தெரியும். கனகாம்பிகைக்கு இழுப்பு என்று என்னைப் பற்றி எவளோ ஒருத்தி சொன்ன ஒரு சொல்லில் எனக்கு வந்த இரண்டு கலியாணப் பேச்சு முறிந்தது. இழுப்பு என்னைவிட்டு எப்போதோ போய்விட்டது. கதை போகவில்லை. அதனால்தான் தலை நரைத்தும் தம்பி வீட்டுக் குசினியில் நிற்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விசர் என்று பெயர் விழ நான் விடுவேனா?

பிள்ளையின் பெயர் யதுர்சிகா. யது என்று கூப்பிடுவோம். தாய் சிவகௌரி போன மாரியில் டெங்குக் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். தம்பி தில்லைநாதனுக்கு லொறி ஓட்டம். வெங்காயம், கோவா என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போவான். வந்தால் குளிப்பான், சாப்பிடுவான், படுப்பான், திரும்பப் போவான். மிச்ச நேரமெல்லாம் வீட்டில் நானும் யதுவும்தான். அவள் வாயைத் திறந்தால் "ஓம்", "இல்லை", "வேண்டாம்". அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நானும் ஏசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கோயிலில் நூல் வாங்கிக் கட்டிப் பார்த்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தும் சட்டி பானைச் சத்தம் மட்டும் கேட்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்து ஆலோசனை ரீச்சர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னா. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளைப் பழக்கி, இப்படி மனம் நொந்துபோன சின்னப் பிள்ளைகளிடம் கிழமைக்கு ஒருநாள் அனுப்புகிறார்களாம். ஒரு பிள்ளைக்கு ஒரு அக்கா. அப்படித்தான் சுபாஜினி வந்தாள். வல்வெட்டித்துறைப் பெட்டை. மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி, வாய் நிறையச் சிரிப்பு.

வந்தவள் புத்தி சொல்லுவாள், நாலு நல்ல வார்த்தை பேசுவாள் என்று பார்த்தால், விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்து பிள்ளையோடு கரம்போட்டில் காய் சுண்டி விளையாடுகிறாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"பிள்ளை, இதுக்கோ நீர் பஸ் ஏறி வாறனீர்? கரம் அடிக்கவோ?"

"ஓம் அன்ரி. உங்கடை யது நல்லா அடிக்கிறா. நான் தோத்துப்போனன்."

"அவளுக்கு ஏதாவது சொல்லுமன்."

"நான் சொல்ல வரேல்லை அன்ரி. அவ சொல்லேக்கை கேக்கத்தான் வந்தனான்."

என்ன படிப்போ! தேத்தண்ணியை மேசையில் 'டக்' என்று வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கமலாவதி விடுவாளா? அவள் பக்கத்து வளவுக்காரி. பின்னேரம் மரக்கறிக்குத் தண்ணி விடுகிற நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஊர்க்கதை, விலைவாசி, கால்நோ, கை உளைவு எல்லாம் அந்த நேரத்தில்தான். ஒரு நாளில் நான் வாய்விட்டுச் சிரிக்கிற நேரமும் அதுதான்.

"மெய்யே அம்பிகையக்கா, கணக்கு ரியூசனிலை கரம் அடிக்கிற சத்தம் கேக்குது?"

"அது இடைவேளையடி. இப்பத்தைப் படிப்பு அப்பிடித்தான்."

நாக்குக் கூசவில்லை எனக்கு. அடுத்த கிழமை சுபாஜினியிடம் கணக்குக் கொப்பி ஒன்றைக் கரம்போட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைக்கச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் ஒரு குரல் நீட்டுக்குக் கேட்டது. முதலில் சுபாஜினி என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அது யது. பள்ளிக்கூடத்தைப் பற்றி, ஒரு பூனையைப் பற்றி, பக்கத்தில் இருக்கிற பெட்டை தன் பென்சிலைக் கடிக்கிறதைப் பற்றி. துருவுவதை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோசம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். எரிச்சலும் வந்தது. சோறு போடுகிறவள் நான், தலை இழுத்துக் கட்டுகிறவள் நான், கதை மட்டும் எவளோ ஒருத்திக்கு!

அப்போதுதான் யதுவின் குரல் இறங்கியது.

"அக்கா, அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டைக்கு... நான் அம்மாவுக்கு ஒண்டு சொன்னனான்."

"ம்," என்றாள் சுபாஜினி.

"அதை நான் ஒருத்தருக்கும்..."

படலை திறந்த சத்தம் கேட்டது. கமலாவதி! தன் மகன் பிரவீணனைக் கொப்பியும் புத்தகமுமாகக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ரீச்சர், இவன் பின்னத்திலை சரியான மொக்கு. யதுவோடை சேத்து இவனுக்கும் சொல்லிக் குடுங்கோ. புண்ணியமாப் போகும்."

யாழ்ப்பாணத்தில் காசில்லாத ரியூசன் ஒன்று நடக்கிறது என்று வாய் தவறிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? அடுத்த கிழமை பிரவீணன் தன் சிநேகிதர்களையும் கூட்டிவந்தான். அதற்கடுத்த கிழமை படலையடியில் சின்னச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒரு தாய் கரும்பலகை வாங்கித் தரட்டோ என்று கேட்டாள்.

சுபாஜினி படிக்கிறது நடனம். பின்னத்தைக் கண்டால் அவளுக்கு வேர்த்துக் கொட்டும். "ரீச்சர், உது பிழை," என்று பிரவீணன் திருத்துவான், மற்றதுகள் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கும். யது மேசையின் மூலையில் குனிந்தபடி இருப்பாள். கேட்டால் "ஓம்". கேட்டால் "இல்லை".

போகும்போது சுபாஜினி என்னைப் படலைக்கு வெளியே கூப்பிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அன்ரி, நான் எங்கடை பொறுப்பாளருக்குச் சொன்னனான். இந்த நேரம் யதுவுக்கு மட்டும் எண்டு இருக்கோணும். இல்லாட்டி என்னை வேறை பிள்ளையிட்டை அனுப்பிப்போடுவினம். காத்திருக்கிற பிள்ளையள் கனபேர்."

"நீர்தான் அதுகளைப் போகச் சொல்லுமன்."

"நான் என்னெண்டு சொல்லுறது? ரியூசன் எண்டு சொன்னது நீங்கள். வாற சனிக்கிழமையும் உப்பிடியெண்டால் அதுதான் எனக்குக் கடைசி அன்ரி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவ ஏதோ சொல்ல வந்தவ. சொல்லாமலே விட்டிட்டா. எனக்கு நித்திரை வருதில்லை."

அந்தக் கிழமை முழுக்க நான் யோசித்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாமா? ரீச்சர் இனிக் காசு கேட்கிறாள் என்று சொல்லலாமா? காசு என்றாலும் கமலாவதி கொடுப்பாள், படிப்பென்றால் தாலியையும் அடகு வைப்பாள். வேறு பொய் ஒன்றும் அகப்படவில்லை. இரவில் யது பக்கத்துப் பாயில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "ஒண்டுமில்லை," என்றாள்.

சனிக்கிழமை மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் முந்திக் கமலாவதியே பிரவீணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ரீச்சருக்காம். நான் படலையைத் திறக்காமல் குறுக்கே நின்றேன்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையே?"

"ரியூசன் இல்லையடி கமலா."

"இண்டைக்கோ?"

"எண்டைக்கும் இல்லை. முந்தியும் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் கணக்கும் தெரியாது, ஒரு கோதாரியும் தெரியாது. யதுவுக்கு மனம் சரியில்லை. தாய் செத்ததிலையிருந்து அவள் கதைக்கிறேல்லை. அவளோடை இருந்து கதைக்கத்தான் இந்தப் பிள்ளை வாறது. நான் உனக்குப் பொய் சொன்னனான்."

சொல்லி முடித்தபோதுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று உணர்ந்தேன். சைக்கிளில் வந்த பெடியன்கள் ஒற்றைக் காலை ஊன்றியபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில் சுபாஜினிக்குப் பக்கத்தில் இருந்த யது எழும்பி நின்றாள்.

கமலாவதி வாழைப்பழத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"ஒவ்வொரு நாளும் என்னோடை கதைக்கிறியள் அக்கா," என்றாள். "என்ரை வீட்டிலை நடக்கிறதெல்லாம் உங்களுக்குச் சொல்லுவன். இவர் குடிச்சுப்போட்டு அடிச்சதைக்கூடச் சொன்னனான். என்னை நீங்கள் உப்பிடித்தான் நினைச்சிருக்கிறியள், என்ன?"

அவள் பிரவீணனின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். போகும்போது விறாந்தைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கெட்ட பார்வை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்றுவரை யதுவை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

நான் உள்ளே போகவில்லை. போனால் குசினிச் சுவரில் காதை வைப்பேன் என்று என்னை எனக்குத் தெரியும். பின்வேலிக் கடப்பைத் தாண்டித் தோட்டத்துக் கடைசிப் பாத்தியில் போய்ப் புல்லுப் பிடுங்கினேன். அங்கிருந்து பார்த்தால் விறாந்தை சின்னதாகத் தெரிந்தது. யதுவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சுபாஜினி ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் இருந்தாள். எழும்பி ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. புல்லைப் பிடுங்கினேன். புல்லோடு இரண்டு வெங்காயமும் வந்தது. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு யது இரண்டாம் தரமும் சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

தம்பிக்கு லொறியில் போகும்போதே செய்தி எட்டிவிட்டது. போனில் குதித்தான். "அக்கா, உங்களுக்கென்ன விசரோ? பொம்பிளைப் பிள்ளையைப் பற்றி றோட்டிலை நிண்டு பறை தட்டுறியளோ?" நானும் விடவில்லை. "பிள்ளையிலை அவ்வளவு அக்கறையெண்டால் நீ வந்து வீட்டிலை இரடா," என்றேன். போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு பிள்ளைக்கு மட்டும்தான் எடுக்கிறான்.

கமலாவதி வேலியடிக்கு வரவில்லை. அவள் வளவில் மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்கும், செருப்புச் சத்தம் கேட்கும், நான் இருமினால் அந்தச் செருப்புச் சத்தம் தள்ளிப் போகும். ஒரு பின்னேரம் "கமலா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பிரவீணன்தான் பதில் சொன்னான், அம்மா படுத்திருக்கிறாவாம். வெயில் இன்னும் சாயவில்லை, அவள் படுக்கிற நேரமா அது? அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. நாள் முழுக்க மனதில் சேருகிற கதைகளை என்ன செய்வதென்று தெரியாமல், வாழைக்குத் தண்ணி விடும்போது வாழையோடு கொஞ்சம் கதைத்தேன். பிறகு வெட்கமாகிப் போயிற்று.

இன்று பின்னேரம் கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடி கேட்டது.

"மாமி."

நான் ஒன்றும் கேட்காமல் யது தானாக என்னைக் கூப்பிட்டது போன மாரிக்குப் பிறகு இதுதான் முதல் தரம். சட்டியை வைக்கவும் தோன்றவில்லை எனக்கு.

"கமலாவதி அன்ரி இனி வேலியடிக்கு வரமாட்டாவோ?"

"வராட்டில் என்ன? எனக்கு வேலையில்லையோ?"

அவள் போகவில்லை. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சுபா அக்கா வாறா," என்றாள். "நீங்கள் ஆரோடை கதைப்பியள் மாமி?"

எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்னிடம். சோறு ஆச்சா, சட்டை காய்ந்ததா, தம்பி எப்ப வருவான், கலியாணம் ஏன் பொருந்தவில்லை. இதை ஒருவரும் கேட்டதில்லை. வழக்கம்போல வெடுக்கென்று ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை," என்றேன்.