அஞ்சு கால் தாங்கும்

அந்த இயந்திரத்துக்கு ஆறு கால். மேலே உள்ள சட்டத்திலிருந்து ஆறு கால்களும் இறங்கி, வெட்டுங்கருவி பூட்டிய கனத்த தட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். கால்கள் நீள்வதும் சுருங்குவதுமாகத் தட்டை எந்தப் பக்கமும் நகர்த்தும், சாய்க்கும், திருப்பும். பட்டறையில் அதற்குப் பெயர் ஆறுகாலி.

மூன்று நகர்வு, மூன்று திரும்பல் என்று ஆறு அசைவுக்கு ஆறு கால். ஒன்றைக் கழற்றினால் ஓர் அசைவு கட்டவிழ்ந்துவிடும். அதனால் முதலில் தட்டின் விளிம்பில் மூன்று முட்டுகள் கொடுத்துப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவர் ஃபோர்மேன்தான். அவர் வாய்க்கு என்ன கேடு வந்ததோ, அன்று காலை மட்டும் வேறு பேசியது.

ஆறுகாலியின் நான்காம் காலை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு முட்டுகள் பக்கத்துக் கொட்டகையில் கிடந்தன. போய் எடுத்துவரப் பத்து நிமிடம் ஆகும். இருந்த ஒன்றை நட்டநடுவில் நிறுத்தினார்.

"மச்சான், மத்த ரெண்டும் எங்க?" என்று கேட்டான், அவரிடமே வேலை பார்க்கும் அவர் தங்கை புருஷன். ஸ்பானர் கையில் இருந்தாலும் நட்டில் வைக்கவில்லை.

"அஞ்சு கால் தாங்கும் மாப்ள. கழட்டு."

"ஏதாவது ஆச்சுன்னா உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சிரித்தபடி குனிந்தான்.

தட்டு கீழே விழவில்லை. நடு முட்டின் மேல் சட்டென்று திரும்பியது. அவன் நெஞ்சைச் சட்டத்தின் தூணோடு வைத்து நசுக்கியது. தட்டை நகர்த்தி அவனை வெளியே எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டினார். 'பணியாளர் யாரையும் கேட்காமல் தானாகக் கழற்றினார்' என்று அச்சடித்திருந்தது. "போனவர் திரும்பி வரப்போறதில்ல. நீங்க ஏன் மாட்டிக்கணும்? கையெழுத்து போடுங்க" என்றார். ஃபோர்மேன் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். கையெழுத்து போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவருடைய நேர்மை.

தங்கை அழுது ஓய்ந்திருந்தாள். "பூட்டின கதவை மூணு தடவை இழுத்துப் பாக்கிற மனுசன். அவரு எப்படிண்ணே அவசரப்பட்டாரு? ஆபீஸ்ல அப்படித்தான சொல்றாங்க?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். வேலை மிஞ்சும், தங்கையும் மிஞ்சுவாள். செத்தவன்மேல் பழி நிற்கும். அவர் தலை அசையவில்லை.

"அவசரப்படலம்மா. முட்டு கேட்டான். அஞ்சு கால் தாங்கும்னு நான்தான் சொன்னேன்."

"உனக்குத் தெரியாதா, தாங்காதுன்னு?"

"தெரியும்."

அவள் எழுந்து உள்ளே போனாள். கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவளோ ஒரு பேனாவோடு வந்தாள். அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த அந்தக் காகிதத்தைத் தானே உருவினாள், படித்தாள், வெற்றுப் பக்கம் மேலே வரும்படி திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"எழுது. அவரு முட்டு கேட்டாருன்னு முதல் வரியில எழுது."

எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இனிமே இந்த வாசல் மிதிக்காதண்ணே" என்றாள்.